எண்பதாயிரம்

பீன்யா இரண்டாவது ஸ்டேஜ்.
கீழே பவுடர் கோட்டிங், மேலே நாங்கள்.
போர்டில் கன்னடத்தில் உலோகச் சோதனைக் கூடம்;
ஒரு எழுத்துக்குக் கொம்பு உதிர்ந்து ஆறு மாதம்.

இன்று வந்த பார்சலில் பன்னிரண்டு தோட்டாக் கூடுகள்.
சுட்டு முடித்தவை. மருந்தில்லை, ஈயமில்லை.
ஆனாலும் கூரியர் பையன்
இரண்டு கையிலும் ஏந்தி வந்தான்.

ஐந்து பழைய வகை, முழுக்கப் பித்தளை.
ஏழு புதிது: உடம்பு பித்தளை, அடி எஃகு,
நடுவில் ஒரு மூட்டு.
அறுபத்தைந்தாயிரம் பவுண்டு வரை பித்தளை பொறுக்கும்,
அதற்கு மேல் அடிப்பாகம் வெண்ணெயாய் வழியும்.
அதனால் எஃகு. அதனால் எண்பதாயிரம்,
ஒரு சதுர அங்குலத்தின் மேல்.
எங்கள் வீட்டுக் குக்கர் பதினைந்துக்கே
தெருவைக் கூப்பிடுகிறது.

வடிவமைத்தவன் முட்டாள் இல்லை.
துப்பாக்கிக் குழாயில் எட்டு அங்குலம் குறைத்தான்,
குண்டின் வேகம் குறையவில்லை.
மலையேறுகிறவன் தோளுக்குச் சுமை மிச்சம்.
எங்கே பிடித்தான் என்பதையும் கடிதத்தில் எழுதியிருக்கிறான்
(நல்ல வாடிக்கையாளர், ஒளிப்பதில்லை):
குழாயின் தொண்டை சீக்கிரம் தேய்கிறது,
கூட்டை வீட்டில் திரும்ப நிரப்ப முடியாது,
விலை மூன்று மடங்கு,
குட்டைக் குழாயின் சத்தத்துக்கு
மறுபடி ஒரு அடைப்பான் மாட்ட வேண்டும்,
அது ஆறு அங்குலம்.

சித்தலிங்கய்யா டீயோடு வந்து நின்றார்.
இதால் எதை அடிப்பார்களாம்?
குதிரை உயரத்துக்கு ஒரு மான், சார். அந்த ஊரில் உண்டு.
பழைய தோட்டாவில் அது சாகவில்லையா?
செத்தது.
புதிதில்?
சாகிறது. நூறு மீட்டர் தள்ளி.
டீயை ஊதினார். எங்கள் தோட்டத்துப் பன்றிக்கே
வனத்துறைக்கு எழுதிப் போட்டு ஒரு வருஷம், என்றார்.

வைரச் சக்கரத்தில் நீளவாக்கில் அறுத்தேன்,
குளிர்விக்கும் நீர் பாலாய் ஓட.
பிசினில் பதித்து, உப்புத்தாளில் தேய்த்து,
பிறகு அமிலம். பித்தளைக்கு ஒன்று, எஃகுக்கு வேறொன்று;
ஒன்றைத் தொட்டால் மற்றது கறுத்துக்கொள்கிறது.
ஒரே கூட்டில் குடியிருக்கிறார்கள்,
ஒரே அமிலத்தில் முகம் காட்ட மாட்டார்கள்.

நுண்ணோக்கியில் எஃகு ஊசி ஊசியாய், அழகு.
ஆறு கூடுகளில் மூட்டு சுத்தம்.
ஏழாவதில்
முடியைப் பத்தாய்ப் பிளந்தால் ஒன்று,
அந்த அகலத்தில் ஒரு கோடு.

அறுத்தபோது வந்திருக்கும், என்றார் சித்தலிங்கய்யா.
ஆறு சரியென்றால் ஆறைப் போடு.
இருக்கலாம். அவர் சொல்வதும் நடப்பதுதான்.
ஆனால் அந்தப் போல்ட்டுக்குப் பின்னால்
ஒரு கன்னம் இருக்கும், கட்டைமேல் சாய்ந்து,
ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

மிச்சமிருந்த பாதியை எடுத்தேன்.
மறுபடி பிசின், மறுபடி உப்புத்தாள்.
கைக்கு வேலை இருந்தபோது
மாரிக்குப்பம் ரயில் போய்விட்டது.
எட்டு மணிக்குத் தெரிந்தது: அங்கேயும் கோடு,
கொஞ்சம் குட்டையாக, அதே இடத்தில்.
எழுதினேன்: ஏழில் ஒன்று. இடம். நீளம். இரு பக்கமும்.
'ஏற்கத்தக்க அளவுக்குள்' என்ற வழக்கமான வரியை
அடிக்கவில்லை. கையெழுத்து, சூ. அமலோற்பவம்.

கடைசி ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, பங்காருபேட்டைக்குப் பின்.
அப்பா கூப்பிட்டார்.
சுரங்கத்தில் ஏர் பிளாஸ்ட் ஒன்று
அவருடைய இடது காதை எடுத்துக்கொண்டது,
எந்த எண்ணையும் முன்கூட்டிச் சொல்லாமல்.
போனை எப்போதும் அந்தக் காதில்தான் வைப்பார்.

ஏன் லேட்டு?
வேலை, அப்பா.
என்ன?
ஏழாவதில் விரிசல்!
பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, மெதுவாக,
எந்த ஷாஃப்டுல?